தலைக்கட்டில் சேராதவர்கள்

எங்கள் கரையோர ஊர்களில் பஞ்சாயத்துக் கணக்கு தலைக்கட்டை வைத்துத்தான் நடக்கிறது. கல்யாணமான ஆண்பிள்ளை ஒருவர் ஒரு தலைக்கட்டு. திருவிழா வரி அந்தக் கணக்கில் விழும். நிவாரணம் வந்தால் பங்கும் அந்தக் கணக்கில்தான் பிரியும். புருஷனைக் கடலில் பறிகொடுத்த பெண்ணின் பெயர் அந்தப் பட்டியலில் நிற்பதற்கே பெரும்பாடு. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதில் இடமே கிடையாது. இந்தக் கணக்கை நோட்டில் எழுதியவர்கள் நாங்கள். நோட்டை மூடிவைத்த பிறகும் எங்கள் மனசில் அதே கணக்குத்தான் ஓடியது. அதை ஒப்புக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். நாங்கள் என்பதில் பஞ்சாயத்தில் உட்காருகிறவர்கள் உண்டு. சங்கத்தில் பேசுகிறவர்கள், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவர்கள், ஊருக்காக மனு எழுதுகிறவர்கள், பிள்ளை பெற்ற அப்பாக்கள் எல்லாரும் உண்டு.

கீழவாஞ்சூர் காரைக்கால் மாவட்டத்தின் தெற்குக் கடைசி. திருமலைராயன்பட்டினம் கொம்யூனைச் சேர்ந்தது. வெட்டாற்றைத் தாண்டினால் நாகூர், அது தமிழ்நாடு. எல்லை என்பதால் இங்கே சோதனைச் சாவடி இருக்கிறது, சாராயக் கடைகளும் மதுக்கடைகளும் இருக்கின்றன. 2009இலிருந்து துறைமுகம் இருக்கிறது. கப்பலில் வரும் நிலக்கரி இங்கேதான் இறங்குகிறது. எங்களுக்குப் போராடத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. நிலக்கரித் தூசி வீட்டுக்குள் படிகிறது என்று கத்தியிருக்கிறோம். டீசல் மானியத்துக்கு, தடைக்கால நிவாரணத்துக்கு, தூண்டில் வளைவுக்கு, துறைமுகத்தில் உள்ளூர் ஆளுக்கு வேலை வேண்டும் என்பதற்கு எல்லாம் ரோட்டில் உட்கார்ந்திருக்கிறோம். தூசி பிள்ளைகளின் நெஞ்சுக்கு ஆகாது என்று மனுவில் எழுதினோம். அந்தப் பிள்ளைகள் பகல் முழுக்க இருக்கும் பால்வாடிக்குள் போய், இந்த ஜன்னலுக்கு வலை அடிக்க வேண்டுமா, இங்கே எத்தனை பேருக்கு இருமல் இருக்கிறது, எந்தப் பிள்ளை ராத்திரி தூங்காமல் வருகிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை. மனுவுக்குப் பிள்ளைகள் தேவைப்பட்டார்கள். அதற்கு மேல் அவர்களோடு எங்களுக்குப் பேச்சு இருக்கவில்லை.

பால்வாடி என்றால் எங்களுக்கு என்ன? காலையில் பிள்ளையை விட்டுவிட்டால் மத்தியானம் வரை கவலை இல்லை. சோறு போடுவார்கள், சத்துமாவு கொடுப்பார்கள், சொட்டு மருந்து தேதி சொல்லுவார்கள். 1975 அக்டோபர் 2ஆம் தேதி நாடு முழுக்க 33 வட்டாரங்களில், நாங்கள் பால்வாடி என்று சொல்லும் அங்கன்வாடித் திட்டம் தொடங்கியபோது ஆறு வேலைகளை அதன் தலையில் வைத்தார்கள். அதில் சோறு ஒன்று. பள்ளிக்கு முந்தைய கல்வி ஒன்று. தாய்மாரோடு உட்கார்ந்து உடம்பைப் பற்றியும் உணவைப் பற்றியும் பேசுவதும் ஒன்று. அதற்காக வீடுவீடாகப் போவதும் அந்த வேலைக்குள்ளேயே அடக்கம். நாங்கள் எடுத்துக்கொண்டது சோற்றை மட்டும். மாவு தரமில்லாமல் இருந்தால் சண்டைக்குப் போனோம். டீச்சர் ஏன் வீட்டுக்கு வரவில்லை என்று கேட்டதில்லை, வந்த டீச்சருக்கு உட்காரப் பாய் போட்டதும் குறைவு.

அங்கே வேலை செய்கிற ஆயாம்மா ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தபோது தெரிந்த விஷயம் ஒன்றைச் சொல்கிறேன். நாலு வயதுப் பையன் ஒருவன் சுண்டல் கொடுத்தால் பாதியைத் தின்றுவிட்டு மீதியை டிரவுசர் பையில் போட்டுக்கொள்வானாம். பை ஈரமாகிப் பிசுபிசுத்துவிடும். புதிதாக வந்தவர்கள் யாராவது பார்த்தால் திட்டி எடுத்துப் போட்டுவிடுவார்கள். ஆயாம்மா திட்டவில்லை. அவன் தங்கச்சி இன்னும் பால்வாடிக்கு வரும் வயசு இல்லை, அம்மாச்சியோடு வீட்டில் இருக்கிறாள், அவளுக்குத்தான் கொண்டுபோகிறான் என்று அவருக்குத் தெரியும். அதனால் அவளுக்கென்று ஒரு காகிதத்தில் தனியாக மடித்து அவன் கையில் கொடுத்து, “இது பாப்பாவுக்கு, உன்னோடதை நீ இங்கேயே சாப்பிடு” என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு பையன் வயிறு நிறையச் சாப்பிடுகிறான். அவன் எடை ஏன் ஏறவில்லை என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் பதில் இருந்திருக்காது. அவன் வீட்டுக்குள் யார் யார் இருக்கிறார்கள், யார் யாருக்காக எதை மிச்சம் வைக்கிறார்கள் என்று தெரிந்த ஒரு பெண்ணிடம் இருந்தது. அந்தப் பெண்ணை ஊர்க் கூட்டம் எதற்கும் நாங்கள் அழைத்ததில்லை.

உறவு என்பது மேலே தெளிக்கிற அலங்காரம், சோறுதான் நிஜம் என்று நினைக்கிறவர்களுக்கு ஜமைக்காவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 1986, 87இல் கிங்ஸ்டன் நகரத்து ஏழைக் குடியிருப்புகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளை சாலி கிராந்தம்-மெக்ரெகர் என்ற மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் எடுத்துக்கொண்டார்கள். ஒன்பது மாதத்திலிருந்து இரண்டு வயது வரை உள்ள பிள்ளைகள். ஒரு பிரிவுக்குச் சத்துப் பால்மாவு. இன்னொரு பிரிவுக்கு வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்து, தாயோடும் பிள்ளையோடும் தரையில் உட்கார்ந்து விளையாடுவார்; வீட்டில் தூக்கிப் போடும் டப்பாக்களிலேயே பொம்மை செய்து கொண்டுவருவார். மூன்றாவது பிரிவுக்கு இரண்டும் உண்டு. நான்காவது பிரிவுக்கு இரண்டும் இல்லை. இரண்டு வருஷம் இப்படி நடந்தது. இருபது வருஷம் கழித்து அதே பிள்ளைகளைத் தேடிப் பிடித்துப் பார்த்தார்கள். வீட்டுக்கு ஆள் வந்து போன பிள்ளைகளின் சம்பாத்தியம் மற்றவர்களைவிட 25 சதவீதம் அதிகம். பால்மாவு மட்டும் வாங்கிய பிள்ளைகளுக்கு அந்த முன்னேற்றம் இல்லை. 2014இல் ‘சயன்ஸ்’ இதழில் இது வெளியானது. சோறு வேண்டாம் என்று யாரும் இதிலிருந்து புரிந்துகொள்ளக் கூடாது. பசித்த பிள்ளையோடு விளையாட முடியாது. ஆனால் அந்த வீடுகளுக்குப் போனது வாரந்தோறும் அதே ஆள், தாய்க்குப் பழகிய முகம். எங்கள் ஊரில் அந்த வேலைக்கென்றே ஒரு பெண் நியமிக்கப்பட்டு இருக்கிறார். அவரை வைத்துக்கொண்டு நாங்கள் மாவு மூட்டையை எண்ணிக்கொண்டிருந்தோம்.

தாய்மார் விஷயத்தில் நாங்கள் செய்தது இன்னும் மோசம். மீன் விற்கிற பெண் விடியற்காலை மூன்று, நாலு மணிக்கு எழுந்து ஏலத்துக்குப் போகிறாள். மீனை எடுத்துக்கொண்டு பஸ் ஏற்றமாட்டேன் என்கிற கண்டக்டரிடம் மல்லுக்கட்டி, இல்லை ஆட்டோவுக்குப் பங்கு போட்டு, தெருத்தெருவாகக் கூவி விற்று வீடு திரும்ப மத்தியானம் ஒன்று, இரண்டாகிவிடும். பிள்ளையைக் குளிப்பாட்டித் தலை வாரி பால்வாடியில் விடுவது அம்மாச்சி. பெற்றோர் கூட்டம் பகல் பத்து மணிக்கு வைக்கிறோம். அவள் அப்போது நாகூரிலோ திருமருகல் பக்கமோ ஏதோ ஒரு வாசலில் செதில் சீவிக்கொண்டிருப்பாள். நோட்டில் ‘தாய் வரவில்லை’ என்று எழுதுகிறோம். ஐந்தாறு கூட்டம் அப்படி எழுதிவிட்டு, ‘இந்த ஜனங்களுக்குப் பிள்ளை படிப்பில் அக்கறை இல்லை’ என்று ஆசிரியர் அறையில் உட்கார்ந்து பேசினோம். படித்து வேலைக்குப் போன நாங்களும் அதே கரையில் பிறந்தவர்கள். எங்கள் அம்மாக்களும் கூடை சுமந்தவர்கள். எந்த நேரத்தில் அவள் வீட்டில் இருப்பாள் என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. சாயங்காலம் நாலரை மணிக்குப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வாசலில் கால் நீட்டி உட்காருகிற அரைமணி நேரம் இருக்கிறதே, அப்போது போய் உட்கார்ந்திருந்தால் போதும். எங்கள் ஆபீஸ் நேரம் அதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது என்பதால் போகவில்லை.

எடை போடும் நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மாதமும் பிள்ளையை எடை போட்டு அட்டையில் புள்ளி வைப்பது நல்ல வழக்கம். 1980இல் தமிழ்நாட்டில் உலக வங்கி உதவியோடு தொடங்கிய ஊட்டச்சத்துத் திட்டம் மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடை பார்த்துத்தான் நடந்தது. அதைக் கண்டு வெளிநாட்டார் படித்துப் போனார்கள். எங்களிடம் அந்த வழக்கம் கெட்டுப்போனது நாங்கள் அதைக் கையாண்ட விதத்தால். பத்துத் தாய்மார் நிற்கும்போது, “உன் பிள்ளை சிவப்புல இருக்கு, என்ன சாப்பாடு போடுற நீ?” என்று கேட்டால் அடுத்த மாதம் அவள் ஏன் வருவாள்? அந்த வார்த்தையை டீச்சர் வாயிலிருந்து வரவைத்தது மேலேயிருந்து வரும் நெருக்கடி. இலக்கு குறைந்தால் அவருக்கு மெமோ. அவருக்கு மெமோ வந்தபோது ஊர் என்று யாராவது போய் நின்றோமா? இல்லை.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பக்கத்து நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,065 பேர் போனார்கள். காரைக்கால் கரையில் நூற்றுக்கணக்கில். ஓட முடியாத பிள்ளைகளும் அவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடிய பெண்களும்தான் அதில் பெரும்பங்கு. அதற்குப் பிறகு வந்த கூட்டம் எங்களுக்கு நினைவிருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையிலிருந்து மருத்துவர்கள் வந்தார்கள், தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள்: பிள்ளையை வற்புறுத்திப் பேசவைக்காதே, வரைய விடு, விளையாட விடு, தினமும் போ, சொன்ன நேரத்துக்குப் போ. பிள்ளைகள் தாள் தாளாக அலையை வரைந்தார்கள். வீட்டைவிட உயரமான அலை. எங்கள் ஊர் இளைஞர்களும் பெண்களும் அந்தப் பயிற்சியில் இருந்தார்கள். கொஞ்ச காலத்தில் நிறுவனங்கள் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போயின. அவர்கள் போவார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். வெளியிலிருந்து வந்தவர்கள் என்றைக்காவது போகத்தான் வேண்டும். போகாமல் இருக்க வேண்டியவர்கள் நாங்கள். படகுப் பட்டியல், வீட்டுப் பட்டியல், எந்த நிறுவனம் எந்தத் தெருவுக்கு என்ன கொடுக்கிறது என்ற சண்டை, இதில் முழுகிப்போய் அந்தப் பயிற்சியைக் கைவிட்டோம். கற்றுக்கொண்டவர்கள் இன்றும் ஊரில்தான் இருக்கிறார்கள். அவர்களை நாங்கள் யாரும் கூப்பிடவில்லை.

அந்த அலையில் பிள்ளைகளைப் பறிகொடுத்து, ஏற்கெனவே குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டிருந்த தாய்மார்கள் பலர் இந்தக் கரை நெடுகிலும் மறுபடி அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு பிள்ளை பெற்றார்கள். தமிழ்நாடு அரசு அதற்கு உதவி செய்தது. போன பிள்ளையின் பெயரையே புதுப் பிள்ளைக்கு வைத்த வீடுகள் உண்டு. அண்ணன் படத்துக்கு மாலை போட்டிருக்கும், அதே பெயரைச் சொல்லித் தன்னைக் கூப்பிடுவார்கள், அம்மா சில சமயம் கூப்பிட்டுவிட்டு அழுதுவிடுவாள். இதை மூன்று வயதில் ஒரு பிள்ளை எப்படிப் புரிந்துகொள்ளும்? யார் அதன் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்கள்? அந்தத் தாயோடு யார் பேசினார்கள்? நாங்கள் ‘சாமி திருப்பிக் கொடுத்துட்டான்’ என்று சொல்லி ஆறுதல்பட்டுக்கொண்டோம். அந்தப் பிள்ளைகள் இன்று இருபதைத் தொட்டுவிட்டார்கள். அவர்களுடைய பால்வாடிக் காலம் நாங்கள் எட்டிப்பார்க்காமலே முடிந்துபோயிற்று.

அடுத்தது, அப்பாக்கள் பிடிபடுகிற காலம். 2025 ஜனவரி 28ஆம் தேதி நெடுந்தீவுக்குப் பக்கத்தில் காரைக்கால் விசைப்படகு மீது இலங்கைக் கடற்படை சுட்டது. அதில் இருந்த 13 பேரைப் பிடித்தார்கள். இரண்டு பேருக்குப் பலத்த காயம். காரைக்காலே கொதித்தது, போராட்டம் நடந்தது, நடக்க வேண்டியதும்தான். ஆனால் இத்தனை வருஷமாக ஒவ்வொரு முறை ஆள் பிடிபடும்போதும் நாங்கள் பிள்ளைகளை என்ன செய்தோம் என்று யோசித்துப் பார்க்கிறேன். அப்பாவின் படத்தைக் கையில் கொடுத்துக் கேமரா முன்னால் நிறுத்தினோம். “அப்பாவை விடச் சொல்லு” என்று சொல்லிக் கொடுத்தோம். மைக்கைப் பார்த்துப் பிள்ளை மிரண்டு அழுதது டிவியில் வந்தது. நல்ல எடுப்பாக வந்திருக்கிறது என்று நினைத்தவர்களும் எங்களில் இருந்தார்கள். சாயங்காலம் எல்லாரும் கலைந்து போனபின் அந்த வீட்டில் பிள்ளை, “அப்பாவைக் கட்டிப் போட்டிருப்பாங்களா?” என்று கேட்டிருக்கும். பதில் தெரியாத தாய் அதட்டித் தூங்கவைத்திருப்பாள். மறுநாள் பால்வாடிக்கு வந்த பிள்ளை அடுத்த பிள்ளையைக் கடித்தது என்றால் ‘முரட்டுப் பிள்ளை’ என்று பெயர் வைத்தோம். அந்த வீட்டில் என்ன நடந்தது என்று டீச்சருக்கு ஒரு வார்த்தை சொல்லிவைக்க எங்களுக்குத் தோன்றவில்லை.

டீச்சருக்கும் ஆயாம்மாவுக்கும் கொடுக்கிற மதிப்பூதியத்தில் ஒன்றிய அரசின் பங்கு 2018 அக்டோபரில்தான் டீச்சருக்கு மாதம் 4,500 ரூபாயும் ஆயாம்மாவுக்கு 2,250 ரூபாயும் ஆனது. மாநிலம் தன் பங்காகப் போட்டுக் கொடுப்பது தனி. பணிக்கொடை இவர்களுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2022 ஏப்ரல் வரை ஆனது. இந்தச் சம்பளத்தில் கணக்கெடுப்புக்குப் போகிறார்கள், தேர்தல் வேலைக்குப் போகிறார்கள், பதிவேடுகளையும் எழுதிவிட்டு அதையே போனிலும் ஏற்றுகிறார்கள். இப்போது வீட்டுக்குக் கொண்டுபோகும் மாவுக்குத் தாயின் முகத்தைப் போனில் பிடித்துச் சரிபார்க்க வேண்டும். நெட் கிடைக்காத அறையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது காலடியில் பிள்ளை சேலையை இழுத்துக்கொண்டிருக்கும். ஒரு பிள்ளையைப் பார்த்துப் பேச வேண்டிய நேரம் அங்கே போகிறது. அவர்கள் கூலி கேட்டுத் தெருவில் உட்கார்ந்தபோது, எங்களில் பெரும்பாலோருக்குத் தோன்றியது ‘இன்றைக்குப் பிள்ளையை யார் பார்ப்பது’ என்பதுதான். படகுக்காரர் சங்கம் ஒருநாளாவது அவர்கள் பந்தலில் போய் உட்கார்ந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

பிள்ளையைத் தேடி வீட்டுக்குப் போவது புது வழியும் இல்லை. மராட்டியத்தில் போர்டியிலும் கோஸ்பாடிலும் தாராபாய் மோடக் என்ற அம்மையாரும் அனுதாய் வாக் என்ற அம்மையாரும் வேலை செய்தபோது பழங்குடிப் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. மாடு மேய்க்கவும் தங்கச்சி தம்பியைத் தூக்கவும் போய்விட்டார்கள். அந்த அம்மையார் இருவரும் பிள்ளைகளைக் குறை சொல்லாமல், வீட்டு முற்றத்துக்குப் போனார்கள், மேய்ச்சல் வெளிக்கும் போனார்கள். இன்று நாடு முழுக்க இருக்கும் அங்கன்வாடிகளுக்கு அங்கே ஒரு வேர் இருக்கிறது. இதற்கு மராட்டியம் வரை போக வேண்டியதுகூட இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் நாகூர் தர்காவுக்கு எங்கள் பெண்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தே கற்றிருக்கலாம். பிள்ளை வீறிட்டு அழுதால், பயந்துகொண்டால், சாப்பிட மறுத்தால் அங்கே போய் ஓதிக் கயிறு கட்டிக்கொண்டு வருகிறாள். ஓதுகிற பெரியவர் முதலில் கேட்பது, “என்னம்மா, எத்தனை நாளா இப்படி?” என்று. அவள் சொல்லி முடிக்கிறவரை கேட்கிறார். மருந்து வேறு, அது ஆஸ்பத்திரியில் இருக்கிறது. ஆனால் குறுக்கிடாமல் கேட்டுக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்றுதான் அவள் பஸ் ஏறிப் போகிறாள். அந்த ஆளாக ஊருக்குள் நாங்கள் யாரும் இருக்கவில்லை.

துறைமுகம் வந்த பிறகு வடக்கிலிருந்து குடும்பத்தோடு பிழைக்க வருகிறவர்கள் உண்டு. அவர்கள் பிள்ளைகளின் பெயரை நாங்கள் கேட்டதில்லை. ‘இந்திக்காரப் பிள்ளை’ என்றால் போதும் என்று இருந்தோம். ஒவ்வொரு குடியிருப்பிலும் ஆறு வயதுக்குக் கீழே உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் அங்கன்வாடி வேண்டும் என்று 2006 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதில் எந்த ஊர் அட்டை, எந்த மொழி என்று பிரித்துச் சொல்லவில்லை. எல்லைக்கோட்டில் குடியிருக்கும் எங்களுக்கு அந்தக் கோட்டினால் படுகிற அவதி நன்றாகத் தெரியும். தெரிந்தும் அடுத்தவர் பிள்ளைக்கு அதே கோட்டைப் போட்டோம்.

இப்போது ஒரு காரியம் செய்யலாம் என்று பேசியிருக்கிறோம். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. வருஷத்தில் அப்பா ராத்திரியும் பகலும் வீட்டில் இருக்கிற காலம் அதுதான். பிள்ளைக்குப் பாதி நாள் அப்பாவே புது ஆளாகத் தெரிகிற வீடுகள் எங்களிடம் உண்டு. தூக்கினால் அம்மாச்சியிடம் தாவும். இந்த 61 நாளை இதுவரை வலை பின்னுவதிலும் படகுக்குப் பெயிண்ட் அடிப்பதிலும் நிவாரணத் தொகை எப்போது வரும் என்று விசாரிப்பதிலும் கழித்தோம். எல்லைக் கடைகளிலும் கழித்தோம், அதையும் மறைப்பதற்கில்லை. வருகிற தடைக்காலத்தில் தினமும் காலையில் நாலு அப்பாக்கள் முறைபோட்டுப் பால்வாடிக்குப் போய் ஒரு மணி நேரம் பிள்ளைகளோடு இருப்பது என்றும், பெற்றோர் கூட்டத்தைச் சாயங்காலம் ஐந்து மணிக்கு மாற்றுவது என்றும், டீச்சருக்கும் ஆயாம்மாவுக்கும் ஊர்க் கூட்டத்தில் நாற்காலி போட்டு முதலில் பேசவைப்பது என்றும் ஒத்துக்கொண்டோம். எழுதியும் வைத்தோம். எத்தனை பேர் வருவார்கள் என்று இப்போது உறுதியாகச் சொல்வதற்கில்லை.

சொன்னபோது ஆயாம்மா பெரிதாகச் சந்தோஷப்பட்டுவிடவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சொன்னார்: “வர்றவங்க வாசல்ல செருப்போட நின்னு பேசிட்டுப் போகக் கூடாது அண்ணே. உள்ள வந்து தரையில உக்காரணும். நின்னுகிட்டே பேசுறவங்களைப் பார்த்தா எடை போட வந்த ஆபீசருன்னு பிள்ளைங்க மூலைக்கு ஓடிடும். அப்புறம் ஒருநாள் வந்துட்டு மறுநாள் வராம இருந்தா, ‘அந்த மாமா எங்க’ன்னு என்னையத்தான் கேக்கும். முறைன்னு பேரு கொடுத்தா, அன்னைக்கு மழையோ சாவோ எதுவா இருந்தாலும் ஆள் மாத்தி அனுப்பணும்.”